இலச்சினையின் பின்புறம்

தபால் முத்திரை சேர்ப்பவரை உலகம் மதிக்கும். பழைய நாணயம் சேர்ப்பவரை வரலாற்று மாணவர் என்று வாழ்த்தும். படையினரின் சட்டைக்கையில் நூலால் தைக்கப்பட்ட துணி இலச்சினைகளைச் சேர்ப்பவனைப் பற்றி அது இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என்னிடமுள்ள சிறு பெட்டியைத் திறந்து காட்டும்போதெல்லாம் நண்பர்கள் இரண்டு வினாக்களை எழுப்புவதுண்டு. ஒன்று, போரை வெறுக்கும் நீர் போர்வீரரின் அடையாளங்களைப் போற்றுவதேன் என்பது. மற்றையது, உள்ளங்கையிலும் சிறிய இந்தக் கந்தல்களில் என்ன இருக்கின்றது என்பது. இரண்டாவது வினாவுக்கு விடை கூறினால் முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இலச்சினை ஒரு சொல்லைப் போன்றது. சொல்லுக்கு வாக்கியத்தில் இடம் இருப்பது போல இலச்சினைக்கு உடலில் இடம் இருக்கின்றது. அந்த இடத்தை மறந்துவிட்டு வடிவத்தை மாத்திரம் சேர்ப்பவர், அகராதியைக் கத்தரித்துச் சொற்களைக் கலைத்து வைத்திருப்பவர் போன்றவர். எவ்வாறு அணியப்பட்டது, எந்தக் கையில், எந்த உடையில், எந்த நாட்டு வெயிலில் என்பவற்றை அறியும்போதுதான் துணி பேசத் தொடங்குகின்றது.

தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. சேரர் பனம்பூவையும் பாண்டியர் வேப்பம்பூவையும் சோழர் ஆத்திப்பூவையும் சூடிப் போருக்குச் சென்றனர் என்றும், பெரும்படைகள் கலந்து பொருதும்போது யார் எவருடைய வீரர் என்று தெரிவதற்கு அப்பூக்கள் பயன்பட்டன என்றும் தொல்காப்பியப் புறத்திணையியல் வழி அறிகிறோம். நிரை கவரச் செல்வோனுக்கு வெட்சி, மீட்கச் செல்வோனுக்குக் கரந்தை, வென்றவனுக்கு வாகை எனத் தொழிலுக்கும் பூ உண்டு. படையின் பெயரை ஓர் அடையாளமும் வீரனின் தொழிலை இன்னோர் அடையாளமும் கூறும் அந்த முறையே, இருபதாம் நூற்றாண்டுச் சீருடையிலும் தோள் இலச்சினையாகவும் தகுதி இலச்சினையாகவும் தொடர்ந்தது. பூ மாலைக்குள் வாடிவிடும். நூல் எழுபது எண்பது ஆண்டுகள் இருக்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

திருகோணமலையிற் பிறந்தவனுக்கு இத்தகைய சேகரிப்பு தேடிச் செல்லவேண்டிய ஒன்றன்று. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைச் சூழ்ந்த இவ்வூர், 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை, அப்படையின் முக்கியமான கீழைத்தேயத் தளங்களுள் ஒன்றாக விளங்கிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. 1944 ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்ட கப்பற்கூட்டத்தில் பிரித்தானியரோடு அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் இருந்தனர். இலங்கையிற் பயிற்சி பெற்ற கிழக்காபிரிக்கப் படைப்பிரிவினர் காண்டாமிருகத் தலையைத் தம் தோளில் அணிந்திருந்தனர். இத்தனை பேருக்கும் சட்டை தைப்பதற்கும், தோய்ப்பதற்கும், கிழிந்ததை ஒட்டுவதற்கும், பதவி உயர்ந்தபோது புதிய இலச்சினையைப் பொருத்துவதற்கும் ஊரவர் வேண்டியிருந்தனர்.

அவர்களுள் ஒருவர் என் பாட்டனாரின் இளைய சகோதரர். உட்துறைமுக வீதிக்கு அண்மையில் ஒரு தையற்கடையில் அவர் தொழில் செய்தார். இலச்சினைகள் கப்பலில் வந்து சேர்வதற்கு மாதக்கணக்காகும் காலத்தில், மாதிரி ஒன்றை மேசையில் வைத்து அதைப் பார்த்துத் தம் கையாலேயே தைத்துக் கொடுப்பார். உரியவர் திரும்பி வராதவை, நிறம் பிழைத்தவை, பழைய சட்டையிலிருந்து கழற்றப்பட்டவை என முப்பத்தொரு துண்டுகள் ஒரு பிஸ்கற் தகரத்திற் சேர்ந்தன. அவர் 1978இல் காலமானார். நான் சேகரிப்பாளன் ஆனதற்கு அந்தத் தகரமே காரணம்.

கடற்படையின் சட்டைக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். இடக்கை ஒருவனது நிலையைக் கூறும். வலக்கை அவனது தொழிலைக் கூறும். இடக்கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் அவன் தலைமை மாலுமி. குறுக்காக இரு நங்கூரங்களும் மேலே முடியும் இருந்தால் அதற்கு அடுத்த படியில் உள்ளவன். அவற்றின் கீழே வரும் கோணக் கோடுகள் நன்னடத்தையுடன் கழித்த ஆண்டுகளைக் குறிப்பன. அவை மூன்றுக்கு மேற்படுவதில்லை. பீரங்கி, தந்தி முதலிய தொழிற்குறிகள் வலக்கைக்கு உரியன. நிறமும் உடையைப் பொறுத்தே மாறும். சிறப்புடையில் கருநீலத்தின்மீது பொன்னிழை. அடுத்த உடையில் கருநீலத்தின்மீது சிவப்பு. வெப்பநாட்டு உடையில் வெள்ளையின்மீது நீலம். ஆகவே வெள்ளைத் துணியில் நீல நங்கூரத்தைக் கண்டால், அதை அணிந்தவன் எம்மைப் போலவே வியர்த்தவன் என்று கொள்ளலாம்.

முடியின் வடிவம் காலத்தைக் காட்டும். 1952இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய பின்னர், மேல்வளைவு குழிந்த முடி வழக்குக்கு வந்தது. அதற்கு முந்தியது உருண்டு உயர்ந்தது. 2022இல் மூன்றாம் சாள்ஸ் மன்னரானபோது உருண்டு உயர்ந்த முடியே மீண்டும் வந்துவிட்டது. எனவே எதிர்காலச் சேகரிப்பாளருக்கு முடி மாத்திரம் போதிய சான்றாகாது. நூலையும் பார்த்தாக வேண்டும்.

இடம் பொருளை மாற்றும் என்பதற்குச் சிறகைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. சிறகு இடமார்பில் இருந்தால் அவன் வான்படை விமானி. கடற்படை அதிகாரியின் இடது சட்டைக்கையில், பதவிக் கோடுகளுக்கு மேலே இருந்தால் அவன் கடற்படை விமானி. வலக்கையில் மின்னற் கீற்றோடு இருந்தால் அவன் பறப்பவனே அல்லன். கப்பலின் தந்தி அறையில் அமர்ந்திருப்பவன். வலது மேற்கையில், நடுவே விரிந்த பரசூட்டோடு இருந்தால் அவன் வானிலிருந்து குதித்தவன்.

இந்த நான்காவது சிறகின் வரலாறு சுருக்கமானது. 1940இல் பிரித்தானியா பரசூட் வீரரைப் பயிற்றத் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர்களுக்கெனச் சிறகிலச்சினை வகுக்கப்பட்டது. காக்கித் துணியில் இரு வெண்சிறகுகள். இடையில் வெளிர்நீலம் கலந்த வான்குடை. மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள றிங்வேயில் ஆகாயக் கூண்டிலிருந்து இருமுறையும் விமானத்திலிருந்து ஐந்துமுறையும் குதித்தவனுக்கே அது வழங்கப்பட்டது. குதிக்கப் பயின்றும் பரசூட் பிரிவில் இல்லாதவனுக்குச் சிறகு இல்லை. குடை மாத்திரமே தைக்கப்பட்ட வேறோர் இலச்சினை உண்டு. டேவிட் ஸ்டேர்லிங் வட ஆபிரிக்காவில் அமைத்த சிறப்புப் படையில் இந்த இலக்கணம் இன்னும் நுண்ணியதாயிற்று. பயிற்சி முடித்தவன் சிறகைத் தோளில் அணிவான். களத்திற் சென்று தகுதியை நிறுவியவன் அதையே இடமார்பில் அணிவான். ஒரே துணி ஒரு சாண் தூரம் நகர்ந்தால், கற்றவன் செய்தவனாகிவிடுகின்றான்.

எம் அயலிலும் இவ்வரலாறு உண்டு. 1941 ஒக்டோபரில் டில்லியில் ஐம்பதாவது இந்தியப் பரசூட் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. 1945 மே முதலாம் திகதி, இரங்கூனைக் கைப்பற்றும் நடவடிக்கையின்போது, கூர்க்காப் பரசூட் வீரர் ஆற்றுமுகத்திலுள்ள எலிபன்ற் பொயின்றில் குதித்தனர். இன்றைய இந்தியத் தரைப்படையிற் பரசூட் வீரரின் சிறகு வலமார்புக்கு உரியது. பேராதனையில் கற்றோருக்கு இன்னுமொரு செய்தி சுவையாக இருக்கும். வான்வழிப் படையினர் இரு தோள்களிலும் அணிந்த இலச்சினையில், சிறகுடைய குதிரைமீது ஈட்டியேந்திய வீரன் ஒருவன் அமர்ந்திருப்பான். கிரேக்கப் புராணத்துப் பெகாசசும் பெலரபோனும் அவர்கள். ஓவியர் எட்வர்ட் சீகோ அதனை வரைந்து கொடுத்த நாளில் அப்படையின் தளபதியாயிருந்தவர் பிரெட்றிக் பிறவுணிங். அவரே 1944 டிசெம்பரில் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் தலைமை அலுவலராக இலங்கைக்கு வந்தார். அக்கட்டளைப்பீடம் அப்போது பேராதனைப் பூங்காவில் இருந்தது.

தகரத்தில் ஒரு பரசூட் சிறகு இருந்தது. அதை அணிந்தவர் யார் என்று கூற எந்தச் சான்றும் இல்லை. ஆனால் எவ்வாறு அணியப்பட வேண்டியது என்பதை அதன் பின்புறம் கூறுகின்றது. அங்கே நான்கு அழுத்துப் பொத்தான்கள் இருக்கின்றன. குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையில் இலச்சினை நிரந்தரமாகத் தைக்கப்படும். வெப்பநாட்டுக் காக்கிச் சட்டையோ அடிக்கடி சலவைக் கல்லுக்குப் போய்வருவது. ஒவ்வொரு முறையும் இலச்சினையைக் கழற்றவேண்டும். அதற்காகவே பொத்தான், கொளுக்கி, கம்பி வளையம் முதலியன பின்னால் பொருத்தப்பட்டன. சலவைத் தொழிலாளியின் கல் சீருடையின் இலக்கணத்தையே திருத்திவிட்டது எனலாம்.

முன்புறமும் ஓர் உண்மையைக் கூறுகின்றது. சின்னப் பாட்டனார் வான்குடை விரிந்து இறங்குவதைக் கண்டவரல்லர். அவர் கண்ட குடை பத்திரகாளி அம்மன் கோயில் வீதிவலத்திற் பிடிக்கும் குடை. ஆகவே மாதிரியில் இருந்த கயிறுகள் அவர் ஊசியில் குஞ்சங்களாயின; குடையின் உச்சியில் ஒரு சிறு கலசமும் முளைத்தது. இருபுறச் சிறகுகளோ, இறகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, சுவாமிக்கு வீசும் வெண்கவரிகளைப் போல அமைந்தன. உரியவர் அதை ஏற்க மறுத்ததனாலேயே அது தகரத்திற்குள் வந்திருக்கவேண்டும்.

1983க்குப் பின்னர் இத்தகரத்தின் கதை வேறாயிற்று. வீடுகள் சோதனையிடப்பட்ட காலம் அது. தமிழர் வீட்டில் படையினரின் அடையாளம் பதித்த ஒரு துணித்துண்டு அகப்பட்டால், அது 1944ஆம் ஆண்டுப் பிரித்தானிய மாலுமியின் தந்தித் தொழிற்குறி என்று விளக்கம் கூற எவருக்கும் அவகாசம் கிடைக்காது. சட்டைக்கையை விட்டு நீங்கிய இலச்சினைக்குத் தன் பொருள் இல்லை. பார்ப்பவனின் ஐயமே அதன் பொருளாகிவிடுகின்றது. ஒரு காலத்தில் அணிந்தவனுக்கு மதிப்பைத் தந்த அதே துணி, வைத்திருந்தவளின் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுபோகக்கூடிய துணியாக மாறிற்று. அவ்வீட்டில் அப்போது பத்தொன்பது வயதில் ஒரு பேரன் இருந்தான்.

பாட்டனாரின் மனைவியாரை நாங்கள் சின்னாச்சி என்று அழைப்போம். அவர் எழுத்தறிவு குறைந்தவர். ஆயினும் தையற்காரரின் மனைவி. எரித்தால் கம்பளி மணக்கும், பொன்னிழை எரியாது. கிணற்றில் இட்டால் மிதக்கும். புதைத்தால் புதிதாகக் கிளறிய மண் கேள்வி கேட்கும். எனவே இரவில் கைவிளக்கின் முன் அமர்ந்து, ஊசியாற் பின்புறத்திலிருந்து நூல்களைப் பிரிக்கலானார். கையால் இட்ட சங்கிலித்தையலின் இறுதி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முழு உருவமும் ஒரே நூலாக வந்துவிடும். நங்கூரமும் முடியும் பீரங்கியும் அவ்வாறு கழன்று வந்தன. பத்தொன்பது இலச்சினைகள் வெறும் துணியாயின. துணி அடுப்படிக்குப் போயிற்று. பிரித்த நூலை எறிய மனமின்றி ஒரு நூற்கட்டையிற் சுற்றி வைத்தார்.

வெள்ளைத் துணியில் நீலநூலால் அமைந்த பதினொன்றை அவர் தொடவில்லை. அவை சிறுபிள்ளைகளின் மாலுமிச் சட்டையில் வரும் அலங்காரத்தைப் போன்றவை. எவருக்கும் ஐயம் எழாது. எஞ்சியது பரசூட் சிறகு. உண்மையில் தகரத்திலே மிகவும் ஆபத்தானது அதுவே. அதன் நிலம் காக்கி. சின்னாச்சி அதன் காக்கி விளிம்புகளை மடித்துத் தைத்து, விபூதிப் பையோடு சுவாமி அறையில் வைத்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் நான் அதைப்பற்றி வினவியபோது அவர் கூறியது இவ்வளவே: “அது கோயில் குடையெல்லோ, தம்பி. ரெண்டு பக்கமும் கவரி. ஆர் வந்து பாத்தாலும் அப்பிடித்தான் சொல்லுவினம். உன்ர சின்னப்பாட்டன் எதைத் தைச்சாலும் கடைசியிலை கோயிலிலைதான் வந்து நிக்கும்.”

1994இல் பன்னிரண்டு துண்டுகளையும் நூற்கட்டையையும் அவர் என்னிடம் ஒப்படைத்தார். அதன் பின்னர், பாலையூற்றிலும் உவர்மலையிலும் மட்டிக்களியிலும் பழைய கப்பற்பட்டறைத் தொழிலாளரின் வீடுகளில் விசாரித்து மேலும் நாற்பதளவிற் சேர்த்துள்ளேன். அவற்றை ஒழுங்குபடுத்தும்போதுதான் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரத் தையல் இலச்சினைகள் தப்பியுள்ளன. ஏனெனில் வெள்ளைத் துண்டுகள் அனைத்தும் அவ்வாறு வந்தவை. பிரிந்துபோன பத்தொன்பதிற் பெரும்பாலானவை சின்னப் பாட்டனாரின் கைவேலை. கணவரின் நாற்பதாண்டு உழைப்பில் எஞ்சியிருந்ததைத் தம் கையாலேயே இழையிழையாக அவிழ்த்து, ஒரு பேரனை அவர் காத்துக்கொண்டார். அப்பேரன் இன்று அறுபதைக் கடந்தவன்; வெளிநாட்டில் வாழ்கின்றான்.

சேகரிப்பாளர் உலகிற் படையினர் தங்கியிருந்த ஊர்களில் உள்ளூர்க் கைகள் தைத்த இலச்சினைகளுக்குத் தனிப்பெயரும் தனி விலையும் உண்டு. எனினும் அவர்கள் விரும்புவது பெரும்பாலும் அணியாத, தூய, நிறம் மங்காத துண்டுகளையே. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் எனது சிறகை விலைக்குக் கேட்டார். விவரச்சீட்டில் என்ன எழுதுவீர் என்று வினவினேன். பிரித்தானியப் பரசூட் சிறகு, செப்பமற்ற உள்ளூர்ப் போலி என்று எழுதுவேன் என்றார். அவருடைய துறையில் அது பிழையான விவரணம் அன்று. ஆனால் அச்சீட்டிலே தைத்தவர் இல்லை, காத்தவர் இல்லை, திருகோணமலையும் இல்லை. நான் அதனை விற்கவில்லை.

உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம், பொதுநலவாயப் போர்க்கல்லறை இருக்கின்றது. அங்கு கல்லறைக் குறிகளில் இறந்தவரின் பெயரும் படையின் இலச்சினையும் பொறிக்கப்பட்டுள்ளன. அம்மதிப்பு அவர்களுக்கு உரியதே. பிறந்த மண்ணுக்கு மீளாத இளைஞர் அவர்கள். ஆயின் அவர்களின் சட்டைக்கையில் அதே இலச்சினையைப் பொருத்திய கைகளுக்குப் பதிவேடு இல்லை. துறைமுகத்தின் வரலாற்றை அட்மிரல்களின் பெயர்களால் எழுதுகின்றோம். நூலும் ஊசியும் சலவைக்கல்லும் அவ்வரலாற்றின் பின்புறம். சேகரிப்பவன் அதைத் திருப்பிப் பார்க்கக் கடமைப்பட்டவன். போரை வெறுப்பவன் ஏன் இவற்றைப் போற்றுகின்றான் என்ற முதலாவது வினாவுக்கு என் விடையும் இதுவே.

இத்தகைய பொருள்கள் தம் வீட்டிலும் உண்டோ என்று ஐயுறும் மாணவர்க்குச் சில குறிப்புகள். துணி இலச்சினையைத் தோய்த்தலும் ஆகாது, அழுத்துதலும் ஆகாது, பசையால் ஒட்டுதலும் ஆகாது. பின்புறத்து நூல்முனைகளை வெட்டவேண்டா. எந்தச் சட்டையில் எத்தனைமுறை தைக்கப்பட்டது என்பதற்கு அவையே சான்று. பொன்னிழை கறுத்திருப்பின் தேய்க்காது விட்டுவிடுக. கடற்காற்றும் இராமபாணப் பூச்சியும் எம்மூரின் பெரும் பகைகள். அமிலம் நீங்கிய தாளிற் சுற்றி இருளான உலர்ந்த இடத்தில் வைத்தல் நன்று. புறவூதா ஒளியிற் பளிச்சென ஒளிரும் நூல் பெரும்பாலும் பிற்காலத்துச் செயற்கை இழை என்பதை அறிந்து வைத்தால் ஏமாறாது தப்பலாம். எந்நிலையிலும் அவற்றை அணிந்து பார்த்தல் கூடாது. படையினரின் உடையைப் பிறர் அணிதல் இந்நாட்டிற் குற்றம் என்பது ஒரு காரணம். உழைத்துப் பெறாத தகுதியை உடலில் ஏற்றல் அழகன்று என்பது இன்னொரு காரணம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, முதியவர் இருக்கும்போதே வினவி எழுதிக்கொள்வதாகும். றங்குப்பெட்டியின் அடியிற் கிடக்கும் துண்டுக்கு உரிய இடம் எது, அது எவர் கையால் ஆனது, எவர் மறைத்தார், ஏன் மறைத்தார் என்பவற்றைக் கூறவல்லவர் இன்னும் சில ஆண்டுகளில் இல்லாதொழிவர். என் பெட்டியில் ஒவ்வொரு துண்டோடும் ஒரு சீட்டு இருக்கின்றது. நூற்கட்டைக்கு எழுதிய சீட்டில், கடற்படை இலச்சினைகள் பத்தொன்பது, பிரிக்கப்பட்ட நிலையில் என்று குறித்துள்ளேன். சிறகோடு உள்ள சீட்டு வருமாறு: பரசூட் வீரனின் சிறகு, காக்கிச் சட்டையின் வலது மேற்கைக்கு உரியது, அழுத்துப் பொத்தான் நான்கு, அணியப்படவில்லை, திருகோணமலைத் தையற்காரர் ஒருவரின் கைவேலை, அவர் மனைவியார் விபூதிப் பையோடு வைத்துக் காத்தது.